அந்தச் சொற்பட்டியலைக் கழற்றிவிடுங்கள்

யாங்கோனில் எங்கள் கோயில் ஞாயிறு தமிழ் வகுப்பின் நிர்வாகக் குழுவினருக்கு,

மூன்று வாரங்களுக்கு முன்பு வகுப்பறைச் சுவரில் நீங்கள் ஒரு தாளை ஒட்டினீர்கள். மேலே நாவடக்கம் பற்றிய குறள். அதன் கீழே 31 சொற்கள். எருமை, கழுதை, பன்னி, குரங்கு, லூசு, தடியன், முண்டம், மூதேவி என்று போகிறது பட்டியல். ஒரு சொல்லுக்கு 1,000 கியாட் அபராதம், மூன்றாவது தடவை சொன்னால் வகுப்பிலிருந்து நீக்கம் என்று அடியில் சிவப்பு மையில் எழுதியிருக்கிறது.

அந்தத் தாளை எடுக்கச் சொல்லித்தான் இந்த மடல். குழுவில் இரண்டு பேரிடம் நேரில் பேசிப் பார்த்தேன். ‘தீர்மானம் போட்டாச்சு’ என்றார்கள். கடிதம் கொடுத்தேன், பதில் வரவில்லை. பெற்றோரும் பழைய மாணவர்களும் படிக்கும்படி எழுதுவதற்கு அதுதான் காரணம்.

எந்தச் சம்பவத்தை வைத்துத் தீர்மானம் போட்டீர்களோ அது நடந்தபோது நான் மைதானத்தின் ஓரத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். இரண்டு பையன்கள், இருவருக்கும் 14 வயது. நடக்கப் பழகிய நாளிலிருந்து ஒரே தெருவில் வளர்ந்தவர்கள். “டேய் எருமை, வேடிக்கை பார்த்துக்கிட்டு நிக்கிற, பந்தை இங்க தட்டுடா” என்றான் ஒருவன். “வர்றேண்டா பன்னி” என்று மற்றவன் ஓடினான். பந்து வந்தது, கோல் விழுந்தது, இரண்டு பேரும் கழுத்தைக் கட்டிக்கொண்டு குதித்தார்கள். அப்போதுதான் குழு உறுப்பினர் ஒருவர் தாழ்வாரத்திலிருந்து இறங்கி வந்து ஆட்டத்தை நிறுத்தினார். இரண்டு பேரையும் வெயிலில் நிற்க வைத்தார். வீட்டுக்கு ஆள் போனது. பொங்கல் நாடகத்தில் அவர்களுக்குக் கொடுத்திருந்த வேடங்கள் வேறு பையன்களுக்குப் போயின. இருவரில் ஒருவன் அதற்குப் பிறகு வகுப்புக்கு வரவே இல்லை. அப்பா முன்னால் ‘உங்க பையன் வாயைக் கழுவுங்க’ என்று சொன்னதை அவனால் தாங்க முடியவில்லை என்று அவன் அம்மா சொன்னார்.

நான் இந்த வகுப்பில் 11 வருடமாக எழுத்தும் வாசிப்பும் சொல்லிக்கொடுக்கிறேன். இந்தப் பிள்ளைகளின் தமிழ் எந்த அளவில் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். பள்ளிக்கூடம் பர்மிய மொழியில். டீக்கடை, பஸ், கைப்பேசி எல்லாமே பர்மிய மொழிதான். வீட்டில் பாட்டி இருந்தால் தமிழ் இருக்கும். பாட்டி போய்விட்ட வீட்டில் அதுவும் பாதியாகிவிடும். 1965-ல் தனியார் பள்ளிக்கூடங்களை அரசு எடுத்துக்கொண்டதிலிருந்து நம் மொழி கோயில் மண்டபத்தையும் வீட்டுத் திண்ணையையும் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறது. வகுப்பில் பிள்ளைகள் சேர்ந்து உரக்கப் படிப்பார்கள். மணி அடித்த நொடியில் பர்மியத்துக்குப் போய்விடுவார்கள். நான் எவ்வளவோ கெஞ்சியிருக்கிறேன். தமிழில் பேசினால் மிட்டாய் என்று ஆசை காட்டியிருக்கிறேன். ஒன்றும் நடக்கவில்லை.

மைதானத்தில் மட்டும்தான் வேறு மாதிரி. கேலி, கிண்டல், திட்டு என்று வரும்போது யாரும் சொல்லாமல் தமிழ் நாக்கில் வந்தது. ‘எருமை மாடு மாதிரி நிக்காதடா’ என்று ஒரு பையன் கத்தினால் அதற்குள் உவமை இருக்கிறது, எதிர்மறை ஏவல் இருக்கிறது. இரண்டையும் கரும்பலகையில் வாரக்கணக்கில் நடத்தியும் அவனை ஒரு வாக்கியம் எழுத வைக்க என்னால் முடிந்ததில்லை. அந்தத் தமிழ் அவன் பாட்டியிடமிருந்து அவனுக்கு வந்தது. தன் தோழனிடம்தான் அதைச் செலவழித்தான்.

போன ஞாயிறு அதே மைதானத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். ஒரு தமிழ்ச் சொல் காதில் விழவில்லை. பிள்ளைகள் ஒருவரையொருவர் ‘ஹே கௌங்’ என்று கூப்பிட்டுக்கொண்டார்கள். வெளிநாட்டிலிருந்து படிப்பவர்களுக்காக இதைச் சொல்லிவிடுகிறேன். பர்மிய மொழியில் எண்ணிக்கை சொல்லும்போது மனிதர்களுக்கு ‘யௌக்’ என்று சேர்க்க வேண்டும், துறவிகளுக்கு ‘பா’, விலங்குகளுக்கு ‘கௌங்’. ஆக, ‘ஹே கௌங்’ என்று ஒருவனைக் கூப்பிடுவது மிருகத்தை எண்ணும் சொல்லால் அவனைக் கூப்பிடுவது. நெருங்கிய நண்பர்கள் நாடு முழுக்க அப்படித்தான் கூப்பிட்டுக்கொள்கிறார்கள். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை, என் பர்மிய நண்பர்களும் என்னை அப்படிக் கூப்பிட்டவர்கள்தான். ஆனால் அது உங்கள் பட்டியலில் இல்லை. இருப்பதெல்லாம் தமிழ்ச் சொற்கள். உங்கள் தாள் மூன்று வாரத்தில் செய்த வேலை இதுதான்: வசவு அப்படியே இருக்கிறது, அதிலிருந்த தமிழ் போய்விட்டது.

என் சொந்தக் கதை ஒன்றைச் சொல்கிறேன்.

நான் பிறந்தது பெகு பக்கம். எனக்கு ஒரு தோழன் இருந்தான். புளியமரத்தில் தலைகீழாகத் தொங்குவான் என்பதால் ஊருக்கே அவன் வௌவால். நான் அப்பாவின் கடைக்கு மூட்டை சுமப்பேன், அதனால் அவனுக்கு நான் கழுதை. 1964-ல் 50 கியாட், 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தபோது இரண்டு வீட்டுச் சேமிப்பும் ஒரே நாளில் வெறும் காகிதமாகிவிட்டது என்று அப்பா சொல்வார். சொந்தக்காரர்கள் பலர் கப்பலேறிச் சென்னைக்குப் போனார்கள். (அங்கே போனவர்களை ‘பர்மாக்காரன்’ என்றார்களாம். இங்கே இருந்தவர்களை என்ன சொன்னார்கள் என்பதற்குப் பிறகு வருகிறேன்.) போக வழியில்லாத இரண்டு குடும்பங்களின் பிள்ளைகள் நானும் அவனும். ஒரே பாயில் படித்தோம், ஒரே சைக்கிளில் போனோம். ஒருவன் பெயரை இன்னொருவன் சொன்னதாக எனக்கு நினைவே இல்லை.

பெரியவர்களான பிறகு யாங்கோனுக்கு வந்து சேர்ந்து உளுந்து வியாபாரம் செய்தோம். இங்கிருந்து சென்னைக்குப் போகிற உளுந்து. ஒரு மழைக்காலத்தில் கிடங்கில் 40 மூட்டை நனைந்து முளை விட்டது. நஷ்டம் யாருடையது என்று பேச்சு வந்தது. அவன் சத்தம் போடவில்லை, ஒரு கெட்ட வார்த்தை பேசவில்லை. மறுநாள் காலையில் போன் செய்து, “கணக்கை அனுப்பிடுங்க” என்றான்.

அந்த ‘ங்க’ எனக்கு இன்றுவரை காதில் இருக்கிறது. மூன்று வருடம் அப்படியே போனது. கோயிலில் பார்த்தால் “வாங்க”, கல்யாணத்தில் பார்த்தால் “சாப்பிட்டீங்களா”. உங்கள் தாளை வைத்துப் பார்த்தால் அந்த மூன்று வருடத்தில் அவன் மேல் ஒரு கியாட் அபராதம் போட முடியாது. என் வாழ்க்கையில் அவ்வளவு மரியாதையாக என்னை யாரும் தள்ளி வைத்ததில்லை.

அம்மா இறந்த அன்று வாசலில் உட்கார்ந்திருந்தேன். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை. யாரோ என் தோளைப் பிடித்து உலுக்கினார்கள். “எந்திரிடா கழுதை. நீ குடிச்சாத்தான் பிள்ளைங்க குடிக்கும்” என்று ஒரு டீ கிளாஸைக் கையில் திணித்தான். அதற்குப் பிறகு அந்த 40 மூட்டையைப் பற்றி நாங்கள் பேசவே இல்லை. அவன் போய் ஆறு வருடம் ஆகிறது. ஐயா என்றும் சார் என்றும் என்னைக் கூப்பிட நிறையப் பேர் இருக்கிறார்கள். கழுதை என்று கூப்பிட யாரும் இல்லை.

அந்தச் சொல்லைத்தான் நீங்கள் இரண்டாவது வரிசையில் எழுதி ஒட்டியிருக்கிறீர்கள்.

இது கெட்டுப்போன இந்தக் காலத்துப் பழக்கம் என்று குழுவில் ஒருவர் என்னிடம் சொன்னார். அப்படி இல்லை ஐயா. உங்கள் பாட்டியும் என் பாட்டியும் நம்மை எப்படிக் கூப்பிட்டார்கள் என்று நினைத்துப் பாருங்கள். ‘நாசமாப் போறவனே, கஞ்சி குடிச்சியா இல்லையா’ என்பதுதான் என் பாட்டியின் கொஞ்சல். பல்லில்லாத குழந்தையைத் ‘திருட்டுப் பயலே’ என்று தூக்கிப் போட்டுப் பிடிப்பார்கள். பிள்ளைகள் தங்காத வீட்டில் அடுத்துப் பிறந்த குழந்தைக்குப் பிச்சை என்றும் குப்பை என்றும் பெயர் வைத்தார்கள். எமன் கண்ணிலும் ஊர் கண்ணிலும் படாமல் பிள்ளை பிழைக்கட்டும் என்றுதான் அந்த மட்டமான பெயர். அருமையானதை மட்டமான சொல்லுக்குள் ஒளித்து வைப்பது நம் வீடுகளில் இருந்த வழக்கம்.

நாம் வருடா வருடம் ஆடிச் சுவாதியில் சுந்தரருக்குக் குருபூசை நடத்துகிறோம். அவருடைய கதையைப் பிள்ளைகளுக்கு நாம்தான் சொல்லிக்கொடுக்கிறோம். கல்யாணப் பந்தலில் வந்து ‘நீ எனக்கு அடிமை’ என்று வழக்குப் பேசிய கிழவரைச் சுந்தரர் பித்தன் என்று ஏசினார். வழக்கு திருவெண்ணெய்நல்லூர் வரை போய், வந்தவர் யார் என்று தெரிந்த பிறகு, ‘என்ன பாடுவேன்’ என்று சுந்தரர் திகைத்து நின்றார். ‘என்னைப் பித்தன் என்றாயே, அதையே முதலாக வைத்துப் பாடு’ என்றார் இறைவன். அந்தச் சுந்தரருக்குத்தான் தம்பிரான் தோழர் என்று பெயர். அறுபத்து மூவரில் தோழமை என்ற உறவைப் பெற்றவர் ஏச்சில் தொடங்கியவர். பித்தா என்று தொடங்கும் பதிகத்தை அதே வகுப்பறையில், அதே சுவருக்கு முன்னால் பிள்ளைகள் பாடுகிறார்கள். உங்கள் பட்டியலில் ‘பைத்தியம்’ என்ற சொல்லும் இருக்கிறது.

குறளை மேலே எழுதியிருக்கிறீர்கள். எனக்கும் அந்தக் குறள் பிடிக்கும். ஆனால் நட்பைப் பற்றித் தனியாகச் சில அதிகாரங்கள் இருக்கின்றன. பழைமை என்ற அதிகாரத்தில் ‘கெழுதகைமை’ என்று ஒரு சொல் வருகிறது. நண்பன் கேட்காமல் எடுத்துக்கொள்கிற உரிமை என்று அதற்குப் பொருள். அது நட்பின் ஓர் உறுப்பு என்றும், அதை இனிமையாக ஏற்பது சான்றோரின் கடமை என்றும் வள்ளுவர் சொல்கிறார். 14 வயதுப் பையன் தன் தோழனை எருமை என்பது அந்த உரிமைதான்.

இவ்வளவு சொன்னதால் என்ன வேண்டுமானாலும் பேசலாம் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். விளையாட்டுக்குச் சொன்னாலும் இகழ்ச்சி துன்பம் தரும் என்று சொன்னவரும் அதே வள்ளுவர்தான். அந்தத் துன்பம் நம் வகுப்பில் நடந்தது. அதற்கு ஒரு தாளும் ஒட்டவில்லை.

போன வருடம் நம் வகுப்பில் 10 வயதில் ஒரு பெண் குழந்தை இருந்தாள். பூசை முடிந்து சுண்டல் கொடுக்கும்போது பெரியவர் ஒருவர் அவளை எப்போதும் ‘ஏ கரிச்சட்டி, இங்க வா’ என்றுதான் கூப்பிடுவார். அவளுக்கு ஒரு கரண்டி கூடுதலாகவும் போடுவார். அவருக்கு அந்தக் குழந்தை மேல் பிரியம்தான், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. சுற்றி இருந்தவர்கள் சிரிப்பார்கள், அவளும் சிரிப்பாள். சில மாதங்களில் அவள் தனகா என்ற மரப்பட்டைச் சாந்தைப் பூசிக்கொள்ளும் விதம் மாறியது. இங்கே எல்லாப் பெண் பிள்ளைகளும் கன்னத்தில் பூசிக்கொள்வதுதான். அவள் நெற்றி, கழுத்து, முழங்கை வரைக்கும் கெட்டியாகப் பூசிக்கொண்டு வரத் தொடங்கினாள். விடியற்காலையில் எழுந்து அம்மிக்கு முன்னால் உட்கார்ந்து அவளே கட்டையை உரசுகிறாள் என்று அவள் அம்மா என்னிடம் சொன்னார். அப்புறம் ஒரு ஞாயிறு வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. நான் இதைக் குழுவிடம் சொன்னபோது கிடைத்த பதில், “செல்லமாத்தானே சொன்னார்.”

செல்லமாகச் சொன்னேன் என்பது 60 வயதுக்காரருக்குப் போதுமான பதில் என்றால், 14 வயதுப் பையனுக்கு ஏன் போதாது? உங்கள் 31 சொற்களில் கரிச்சட்டி இல்லை, கருவாயன் இல்லை. சாதியைச் சொல்லிக் கேலி பேசும் சொல் ஒன்றுகூட இல்லை. அவை நம் மண்டபத்தில் யார் வாயில் வருகின்றன என்று உங்களுக்கே தெரியும், நான் விரித்து எழுதவில்லை.

‘கலா’ என்ற சொல்லும் இல்லை.

தமிழில் அது ஒரு பெண்ணின் பெயர். இங்கே அது நம்மைக் குறிக்கிற சொல். ஒரு காலத்தில் மேற்கிலிருந்து வந்த எல்லோரையும் குறித்திருக்கிறது, வெள்ளைக்காரரைக்கூட ‘கலா பியூ’, அதாவது வெள்ளைக் கலா என்று சொன்னார்கள். நாற்காலிக்குப் பர்மிய மொழியில் கலாதைங், கடலைப்பருப்புக்குக் கலாபே. பருப்பு வியாபாரத்தில் அந்தச் சொல்லை நானே ஒரு நாளைக்கு இருபது தடவை சொல்லியிருப்பேன். பருப்பின் மேல் இருக்கும்போது அது வெறும் பெயர். மனிதன் மேல் வரும்போது நிறத்தையும் மதத்தையும், நீ இந்த ஊர்க்காரன் இல்லை என்பதையும் சேர்த்துக்கொண்டு வருகிறது. 1930-லும் 1938-லும் ரங்கூன் தெருக்களில் நம்மவர்களும் முஸ்லிம்களும் வெட்டுப்பட்ட கதையைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அந்தச் சொல்லோடு வேறு சத்தமும் சேர்ந்து கேட்கும்.

போன ஆண்டு விழாவில் மேடைக்கு வந்த விருந்தினர் ஒலிபெருக்கியில், “என் கலா நண்பர்களே” என்று தொடங்கினார். நல்ல மனிதர், மண்டபத்துக்கு மின்விசிறிகள் வாங்கிக் கொடுத்தவர். முன்வரிசையில் இருந்த நீங்கள் சிரித்துக் கைதட்டினீர்கள். நானும் கைதட்டினேன். பின்னால் உட்கார்ந்திருந்த பிள்ளைகள் நம் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஏன் கைதட்டினேன் என்று எனக்குத் தெரியும், பழகிப்போன கை. நான் முன்பு வேலை பார்த்த இடத்தில் முதலாளி என்னை 20 வருடம் கலாஜீ, அதாவது பெரிய கலா என்றுதான் கூப்பிட்டார். பிரியமாகத்தான். என் மகள் கல்யாணத்துக்குக் குடும்பத்தோடு வந்தார். திங்ஜான் என்ற பர்மியப் புத்தாண்டுப் பண்டிகைக்கு மற்றவர்களைவிட எனக்குக் கொஞ்சம் கூடவே கொடுப்பார். நான் அவரை ‘ஸயா’, அதாவது ஐயா என்பேன். அவர் என்னை அப்படிக் கூப்பிட்டதற்குப் பதிலாக நான் அவரைக் கூப்பிட என்னிடம் ஒரு சொல் இல்லை. இருந்தாலும் சொல்லியிருக்க முடியாது. அவர் கூப்பிடும்போதெல்லாம் நான் சிரித்தேன். 20 வருடம் சிரித்தேன். ஒரு நாள் டீக்கடையில், இடித்துவிட்டேன் என்று ஒருவன் என்னைப் பார்த்து அதே சொல்லைக் கத்தினான். கடையே திரும்பிப் பார்த்தது. முதலாளியும் அங்கே இருந்தார். அவர் முகம் மாறியதைப் பார்த்தேன், ஆனால் அவர் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் காலையில் வழக்கம்போல் “கலாஜீ” என்றார். அன்றைக்கு என்னால் சிரிக்க முடியவில்லை.

கழுதை என்ற சொல்லை அந்த ஆள் கத்தியிருந்தால் எனக்கு அது ஒட்டியிருக்காது. என் தோழன் அதை முன்பே எனக்குச் சொந்தமாக்கிக் கொடுத்துவிட்டான். நான் அவனை வௌவால் என்றேன், அவன் என்னைக் கழுதை என்றான், கணக்கு எப்போதும் நேராக இருந்தது. எருமைக்குப் பன்னி சரியாகப் போனது. அந்தப் பெண் குழந்தை சுண்டல் கொடுக்கும் தாத்தாவைத் திருப்பி என்ன சொல்ல முடியும்? நான் முதலாளியை என்ன சொல்ல முடியும்? திருப்பிக் கொடுக்க முடியாத சொல் எவ்வளவு பிரியத்தோடு வந்தாலும் அதை வாங்குகிறவன்தான் சுமக்கிறான். அவன் சிரிப்பதை வைத்து ஒத்துக்கொண்டான் என்று முடிவு செய்யாதீர்கள்.

எனக்கு ஒரு பர்மிய நண்பர் இருக்கிறார். 2020 ஜூன் மாதம் இங்குள்ள இளைஞர்கள், முஸ்லிம்களும் இந்துக்களுமாக, ‘என்னைக் கலா என்று கூப்பிடாதே’ என்று சமூக வலைத்தளங்களில் எழுதத் தொடங்கினார்கள். அதைப் பார்த்துவிட்டு அவர் என்னிடம் வந்து, “நான் விளையாட்டாகச் சொல்வேனே, அது உனக்கு வலிக்குமா?” என்று கேட்டார். வலிக்கும் என்றேன். அதைச் சொல்ல எனக்கு அவ்வளவு நேரமாயிற்று. அதற்குப் பிறகு ஒரு தடவைகூட அவர் வாயில் அது வரவில்லை. இன்றும் ‘ஹே கௌங்’ என்கிறார், நானும் அவரை அப்படியே கூப்பிடுகிறேன். ஒரு கேள்வியில் முடிந்தது.

சொற்பட்டியல் போட்டுத் தடுப்பதை உலகத்தின் பெரிய நிறுவனங்களில் ஒன்று செய்து பார்த்துவிட்டது. 2017-ல் ஃபேஸ்புக், கலா என்ற சொல் வரும் பதிவுகளை நீக்கத் தொடங்கியது. நாற்காலியைப் பற்றியும் கடலைப்பருப்பைப் பற்றியும் எழுதியவர்களின் பதிவுகளும் சேர்ந்து போயின. அந்தச் சொல் கூடாது என்று வாதாடியவர்களின் பதிவுகளும் போயின. இயந்திரத்துக்கு யார் யாரிடம் சொல்கிறார்கள் என்று தெரியாது. உங்களுக்குத் தெரியும். ஒவ்வொரு பிள்ளையின் வீடும் உங்களுக்குத் தெரியும். தெரிந்த நீங்கள் ஏன் ஒரு தாளிடம் வேலையை ஒப்படைக்க வேண்டும்?

உங்களோடு ஒத்துப்போகிற இடத்தையும் சொல்லிவிடுகிறேன். தாயையும் அக்கா தங்கையையும் இழுத்துப் பேசுவது எந்த நட்பிலும் வேண்டாம். வகுப்பு நடக்கும் நேரத்தில் கத்துவது வேண்டாம். ஒருவனை ஐந்து பேர் சேர்ந்து ஒரே பெயரால் கூப்பிடுவது நட்பே இல்லை, அதை முதல் நாளே நிறுத்த வேண்டும், நானும் நிறுத்தியிருக்கிறேன். இதையெல்லாம் பிள்ளைகளிடம் சொன்னால் புரிந்துகொள்வார்கள். எது விளையாட்டு, எது குத்து என்று நம்மைவிட அவர்களுக்கு நன்றாகவே தெரியும்.

உங்களிடம் நான் கேட்பது இவை.

வரும் ஞாயிற்றுக்கிழமைக்குள் அந்தத் தாளைச் சுவரிலிருந்து எடுங்கள். இதுவரை பிள்ளைகளிடம் வாங்கிய அபராதத்தை அவரவர் கையில் திருப்பிக் கொடுங்கள், உண்டியலில் போட்டுவிட்டோம் என்று சொல்லாதீர்கள். அந்த இரண்டு பையன்களுக்கும் நாடகத்தில் அவரவர் வேடத்தைத் திரும்பக் கொடுங்கள். வராமல் இருக்கும் பையனின் வீட்டுக்குக் குழுவிலிருந்து ஒருவர் போக வேண்டும். எந்த அப்பா முன்னால் அவனைத் தலைகுனிய வைத்தீர்களோ அதே அப்பா முன்னால் ‘தப்பு எங்களுடையது, வா’ என்று சொல்ல வேண்டும்.

பெரியவர்கள், ஆசிரியர்கள், உதவிக்கு வருபவர்கள் யாரும் எந்தப் பிள்ளையையும் நிறத்தை வைத்தோ, உடம்பை வைத்தோ, சாதியை வைத்தோ கூப்பிடக் கூடாது என்று ஒரு தீர்மானம் போடுங்கள். செல்லமாகச் சொன்னேன் என்பதைப் பதிலாக ஏற்காதீர்கள். என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

மேடைக்கு யாரை அழைத்தாலும், எவ்வளவு பெரிய கொடையாளியாக இருந்தாலும், கலா என்ற சொல் வேண்டாம் என்று முன்கூட்டியே பணிவாகச் சொல்லிவிடுங்கள். சொல்லத் தயக்கமாக இருந்தால் அந்த வேலையை என்னிடம் கொடுங்கள்.

ஒரு ஞாயிறு, பாடத்தை விட்டுவிட்டுப் பிள்ளைகளோடு மைதானத்தில் உட்காருங்கள். உன்னை யார் எப்படிக் கூப்பிட்டால் சிரிப்பு வருகிறது, எப்படிக் கூப்பிட்டால் வீட்டுக்குப் போகத் தோன்றுகிறது என்று ஒவ்வொருவரிடமும் கேளுங்கள். எல்லோர் முன்னாலும் சொல்லக் கூச்சப்படுகிறவர்கள் துண்டுச் சீட்டில் எழுதித் தரட்டும். ஒரு பிள்ளை ‘வேண்டாம்’ என்று சொன்ன பெயரை அதற்குப் பிறகு யாரும் சொல்லக் கூடாது. அது ஒன்றே விதியாக இருக்கட்டும்.

கடைசியாக, அந்தப் பெண் குழந்தை. அவளுடைய வீடு எனக்குத் தெரியும். வரும் ஞாயிறு காலை 8 மணிக்கு, வகுப்பு தொடங்குவதற்கு முன், நான் அங்கே போகிறேன். சுண்டல் கொடுத்த பெரியவர் என்னோடு வர வேண்டும். குழுவிலிருந்து ஒருவரும் வர வேண்டும். அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, வகுப்புக்கு வரச் சொல்லுங்கள். கோயில் வாசலில் 7.30 மணிக்கு நான் நிற்பேன்.

இப்படிக்கு,
உங்கள் ஞாயிறு வகுப்பு ஆசிரியர்களில் ஒருவன்
யாங்கோன்